வசனங்களை இணைத்தெழுதல்

பந்தியொன்றை எழுதி முடித்து மீண்டும் படித்துப் பார்க்குமிடத்து, வசனங்கள் யாவும் பிழையற்றனவாயிருந்தும் பந்தி நொண்டுவதாகத் தோன்றுவதுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலே, பிரித்தானியரின் ஆட்சிக்குட்பட்டிருந்த அமெரிக்கக் குடியேற்றங்களின் கைவினைஞரைப் பற்றி மாணவனொருவன் இவ்வாறு எழுதுகிறான் என்று கொள்ளலாம்:

"போல் ரெவியர் பொஸ்தன் நகரத்தவர். அவர் வெள்ளிக் கொல்லர். அவர் தந்தையாரும் வெள்ளிக் கொல்லர். அவர் தந்தையாரிடம் தொழில் பழகினார். தந்தையார் 1754இல் இறந்தார். ரெவியர் பட்டறையை நடத்தினார்."

ஆறு வசனங்களும் உண்மையே. ஆயினும் அவை சம்மட்டி அடிபோல ஒரே அளவாய்ச் செவியில் விழுகின்றன. முதல் நான்கும் ஒரே பொருள்மேலன. ஆதலின், "பொஸ்தன் நகரத்து வெள்ளிக் கொல்லரான போல் ரெவியர் அத்தொழிலைத் தம் தந்தையாரிடமே பழகினார்" என ஒன்றாக்கலாம். தந்தையாரின் தொழில் சொல்லாமலே பெறப்படுகிறது.

இடறல் ஈற்று இரண்டிலேதான். "தந்தையார் இறந்து ரெவியர் பட்டறையை நடத்தினார்" என்றால், இறந்தவரே நடத்தினார் போலும் என்று கேட்போர் திகைப்பர். 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினைகொண்டே முடிதல் வேண்டுமென்பது தொல்காப்பியந்தொட்டு வரும் விதி. "தந்தையார் 1754இல் இறக்கவே, பத்தொன்பது வயதினரான ரெவியர் பட்டறைப் பொறுப்பை ஏற்றார்" எனின் குற்றமில்லை.

எல்லாவற்றையும் இணைத்தே தீரவேண்டுமென்பதுமில்லை. 1775 ஏப்ரல் 18ஆம் நாளிரவு, பிரித்தானியப் படை வருவதை அறிவிக்க ரெவியர் குதிரையேறி லெக்சிங்டனுக்கு விரைந்தார். அச்செய்தி தனித்து நிற்பதே அழகு. "வெள்ளிக் கொல்லராதலால் குதிரையேறினார்" என்று இணைப்பவன் இல்லாத காரணமொன்றைப் படைத்தவனாவான்.

இதனினும் பெரிய தவறு வேறொன்றுண்டு. 1770 மார்ச் 5இல் பொஸ்தனில் படைவீரர் சுட்டதில் ஐவர் இறந்தனர். அக்காட்சியை வரைந்தவர் ஹென்றி பெலாம். அதனைப் பார்த்துச் செப்புத்தகட்டிற் செதுக்கி, முந்திக்கொண்டு விற்பனைக்கு விட்டவர் ரெவியர். "செதுக்குவேலையும் அறிந்த ரெவியர் அக்காட்சியைப் படமாக்கினார்" என்று சுருக்கினால் வசனம் செவ்வனே ஓடும், இலக்கண வழுவுமில்லை. பெலாம் மட்டும் மறைந்துபோவார். "பெலாம் வரைந்த காட்சியை ரெவியர் செதுக்கி, அவருக்கு முன்னரே வெளியிட்டார்" என்பதில் இருவரும் நிற்கின்றனர். தம் உழைப்பு களவாடப்பட்டதென்று அதே மார்ச்சு மாதத்தில் பெலாம் ரெவியருக்கு எழுதிய முறையீட்டுக் கடிதம் இன்றும் எஞ்சியுள்ளது.