மோட்டார் சைக்கிளின் பின்னே ஒரு வண்டி வேண்டுமா?

இடம் பெயர்ந்து வாழும் இல்லறத்தார்க்குப் பயணம் என்பது பொழுதுபோக்கு அன்று, அது கடமை. திருமணம், காது குத்து, குலதெய்வக் கொடை, பொங்கல், பெற்றோரின் உடல்நலக் குறைவு என்று ஆண்டிற்குப் பன்முறை நாம் பிறந்த ஊரை நாடிச் செல்கிறோம். செல்லும்போது கைவீசிச் செல்வதும் இல்லை. திரும்பும்போது வெறுங்கையோடு வருவதும் இல்லை. நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் அவற்றைச் சூழ்ந்த எல்லைச் சிற்றூர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று மோட்டார் சைக்கிளே குடும்ப வாகனமாகிவிட்டது. ஆதலின், அதன் பின்னே டிரெய்லர் எனப்படும் சிறு பின்வண்டியைப் பூட்டிச் சுமையை இழுத்துச் செல்லலாமா என்ற எண்ணம் இளைஞர் உள்ளத்தில் எழுவது இயல்பே. வெளிநாடுகளில் பெரிய மோட்டார் சைக்கிள்கள் அழகிய பின்வண்டிகளை இழுத்துச் செல்லும் காட்சிகளைக் கண்டவர்கட்கு இவ்வாசை மேலும் வளர்கிறது. இதன் நன்மை தீமைகளை நடுநிலையோடு ஆராய்வோம்.

எல்லையும் பாதையும்

நாம் வாழும் இப்பகுதியின் நிலையை முதற்கண் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1956 நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் இடையே விழுந்தது. கோடு விழுந்ததனால் உறவு அறுபடவில்லை. பாலராம வர்மா மன்னர் காலத்தில் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பெற்ற நெசவாளரின் வழிவந்தோர் பாலராமபுரத்தில் இன்றும் தறியோடு வாழ்கின்றனர். பிற்காலத்தில் தொழில் நாடி வந்து தங்கியோரும் பலர். இவர்கள் அனைவர்க்கும் நாகர்கோவில், வள்ளியூர், திருநெல்வேலி என்று ஒரு வேர் அப்புறத்தில் உண்டு.

நெய்யாற்றின்கரையிலிருந்து நாகர்கோவில் சுமார் 50 கிலோமீட்டர். அமரவிளையில் நெய்யாற்றைக் கடந்து, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாகச் செல்வது பழகிய பாதை. ஊர்களும் கடைத்தெருக்களும் நெருங்கி அமைந்த வழி இது. வளைவுகளும் மேடு பள்ளங்களும் நிறைந்தது. தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை காணும் நிலம். நாகர்கோவிலைத் தாண்டி வள்ளியூர் செல்வோர் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடத்தல் வேண்டும். அக்கணவாயை அடுத்த முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல் நிற்பது எதனால்? அங்கே காற்று அத்துணை வலிமையோடு வீசுகிறது என்பதனால் அன்றோ! பின்வண்டியைப் பற்றிய நம் முடிவை இந்தப் பாதையை வைத்தே செய்தல் வேண்டும். பிற நாட்டு நெடுஞ்சாலையை வைத்து அன்று.

பின்வண்டியின் வரலாறு

பின்வண்டி புதுமை அன்று. மோட்டார் சைக்கிள் தோன்றிய தொடக்க காலத்திலேயே, 1900-ஆம் ஆண்டையொட்டி, ஐரோப்பாவில் பிரம்பால் முடைந்த இருக்கையுடைய பின்வண்டியில் மற்றொருவரை அமர்த்தி இழுத்துச் சென்றனர். பின்னால் அமர்ந்தவர் புழுதியையும் புகையையும் உண்டார். வளைவில் கவிழும் அச்சமும் இருந்தது. 1903-ஆம் ஆண்டளவில் பக்கவண்டி தோன்றவே, ஆளேற்றும் பின்வண்டி மெல்ல மறைந்தது.

சுமைக்கான பின்வண்டி மட்டும் ஆங்காங்கே நிலைத்தது. செக்கோஸ்லோவாகியாவில் ஜாவா மோட்டார் சைக்கிளுக்கென ஒற்றைச் சக்கரப் பின்வண்டி ஒன்று செய்யப்பட்டது. பாவ் 40 என்ற அவ்வண்டி ஏற்கும் சுமை 40 கிலோகிராமே. அதே ஜாவா 1961 முதல் மைசூரில் உருவாகி நம் நாட்டுச் சாலைகளில் ஓடியது. எனினும் அப்பின்வண்டி இங்கே வழக்கில் ஊன்றவில்லை. 1955-இல் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் என்பீல்டு தொழிற்சாலை அமைந்து புல்லட் வண்டி பெயர்பெற்றபோதும், நம்மவர் அதனோடு இணைத்தது பக்கவண்டியையேயன்றிப் பின்வண்டியை அன்று.

பிரிட்டனில் இன்றும் மோட்டார் சைக்கிள் பின்வண்டியை இழுக்கச் சட்டம் இடந்தருகிறது. ஆயின் அதற்குரிய வரம்புகளைக் காண்மின்: எஞ்சின் 125 சி.சி.க்கு மேற்பட்டதாக இருத்தல் வேண்டும். பின்வண்டியின் அகலம் ஒரு மீட்டரைத் தாண்டலாகாது. சுமையோடு சேர்ந்த எடை 150 கிலோ, அல்லது மோட்டார் சைக்கிள் எடையில் மூன்றில் இரண்டு பங்கு, இவற்றுள் எது குறைவோ அதற்கு உட்பட வேண்டும். இசைவு தரும் நாடே இத்துணை வேலிகளை இட்டிருக்கிறது. அமெரிக்கச் சாலைகளில் ஹோண்டா கோல்டு விங் பின்வண்டியை இழுப்பதைக் கண்டு நாமும் அவாவுகிறோம். அவ்வண்டி 1,833 சி.சி. எஞ்சினும் 350 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் உடைய யானை போன்றது. அதற்குங்கூடப் பின்வண்டி பூட்ட வேண்டா என்றே அதனைச் செய்த நிறுவனம் தன் கையேட்டில் எச்சரிக்கிறது. நம் இல்லத்துப் புல்லட்டோ ஏறத்தாழ 20 குதிரைத்திறன் உடையது. 100 சி.சி. வண்டிகளின் ஆற்றல் அதிற் பாதியும் இல்லை.

சுமை செய்யும் வேலை

பின்வண்டியால் நன்மையே இல்லை என்று கூறுதல் நேர்மையாகாது. சுமை பின்னிருக்கையிலிருந்து இறங்கித் தரையை ஒட்டி அமைகிறது. பின்சக்கரத்தின் பாரம் குறைகிறது. உடன் வருபவர் வசதியாக அமர்கிறார். சேர்ந்த இடத்தில் அதனைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியைத் தனியே ஓட்டலாம். இவை மெய்யே. ஆயினும் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும்.

முதலாவது, நிறுத்தம். 190 கிலோ எடையுள்ள மோட்டார் சைக்கிளில் இருவர் அமர்ந்தால் மொத்தம் 320 கிலோ என்று கொள்வோம். பின்வண்டியும் சுமையும் சேர்ந்து 80 கிலோ என்றால் மொத்தம் 400 கிலோ ஆகிறது. அஃதாவது நான்கில் ஒரு பங்கு கூடுதல். இச்சிறு பின்வண்டிகளுக்கு பிரேக் பொதுவாக இருப்பதில்லை. ஆதலின் நிறுத்தும் வேலை முழுவதும் மோட்டார் சைக்கிளின் இரு சக்கரங்களையே சாரும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 12 மீட்டருக்குள் நின்றிருக்கக்கூடிய வண்டி, நிற்க 15 மீட்டர் கொள்ளும். இடைப்பட்டது மூன்று மீட்டரே. கடைத்தெருவில் குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு அந்த மூன்று மீட்டரே உயிர். மழை நாளில் இத்தூரம் இன்னும் நீளும்.

இரண்டாவது, ஆட்டம். பின்வண்டியின் சுமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இணைப்பின்மீது அழுந்துமாறு அடுக்குதல் வேண்டும். அதனினும் குறைந்தால் பின்வண்டி இடமும் வலமும் ஆடி, முன்னே செல்லும் வண்டியையும் ஆட்டும். மிகுந்தாலோ, மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் தரையில் ஊன்றாமல் கைப்பிடி இலேசாகிவிடும். ஆரல்வாய்மொழிக் காற்று பக்கவாட்டில் மோதும்போது தவறாக அடுக்கிய பின்வண்டியின் நிலை என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மூன்றாவது, சாய்வு. மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்ந்தே திரும்பும். இருசக்கரப் பின்வண்டி சாயாது. இணைப்பு எத்திசையும் சுழலத்தக்கதாக இல்லையேல் ஒன்று மற்றொன்றை முறுக்கும். பட்டறையில் இரும்புக் குழாயை வளைத்து ஒட்டிய கொக்கி இவ்வேலைக்கு உதவாது. மேலும், திரும்பும்போது பின்வண்டி வளைவின் உட்புறத்தை அணைத்து வரும். ஓட்டுபவர் தப்பிய கல்லிலும் நடைமேடையிலும் அது மோதும்.

நான்காவது, பள்ளம். ஒற்றைச் சக்கரத்தடம் நம் சாலையில் ஓட்டுபவர்க்குப் பழக்கமானது; பள்ளத்தை ஒதுக்கிச் செல்ல அவர் கற்றிருக்கிறார். பின்வண்டியோடு செல்லும்போதோ நடுவில் ஒரு தடமும் இருபுறமும் இரு தடங்களும் ஆக மூன்று தடங்கள் அமைகின்றன. நடுத்தடம் தப்பினால் பக்கத்தடம் விழும். சிறிய சக்கரம் பள்ளத்தில் ஆழ இறங்கும். நெடுந்தொலைவு விரைந்து சுழன்றால் அதன் பேரிங் சூடேறும். நெருக்கடியில் பின்னோக்கி நகர்த்தவும் வழியில்லை. நம் மோட்டார் சைக்கிள்கட்குப் பின்செல்லும் கியர் இல்லை.

சட்டம் கூறுவது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், மோட்டார் சைக்கிள் என்னும் சொல்லுக்குள் பக்கவண்டியைச் சேர்த்திருக்கிறது; பின்வண்டியைச் சேர்க்கவில்லை. பின்வண்டி தனியே ஒரு வாகனமாகவே கருதப்படுகிறது. ஆகவே அதற்குத் தனிப் பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் அதன் பின்புறம் காணப்பெற வேண்டும். பக்கவண்டி இல்லாத இருசக்கர மோட்டார் சைக்கிள் பின்வண்டியை இழுத்தலாகாது என்று வெளிப்படையாகவே தடுக்கும் மாநில விதிகளும் நம் நாட்டில் உண்டு.

வண்டியின் அமைப்பை மாற்றுவதும் எளிதன்று. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், செய்த நிறுவனம் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று உச்சநீதிமன்றம் 2019 சனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, முறையற்ற மாற்றம் செய்யும் உரிமையாளர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பதிவில்லாத வண்டியை ஓட்டுவதற்கு முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

அபராதம் சிறிது; ஈட்டுறுதியே பெரிது. பதிவில்லாத பின்வண்டியால் ஒருவர்க்கு ஊறு நேர்ந்து, ஈட்டுறுதி நிறுவனம் பொறுப்பை மறுத்து வழக்காடுமாயின், இழப்பீட்டுத் தொகை நம் தலைமேல் விழும். வந்த ஊரில் வாடகை வீட்டில் வாழ்ந்து, சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமும், பெண்ணின் திருமணத்திற்கென வைத்த நகையும் ஒரே நாளில் கரையும். உற்றார் அருகில் இல்லாத குடும்பத்திற்கு இவ்விடர் இருமடங்கு என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது.

இவ்விடத்தே மற்றொன்றையும் நினைவூட்ட விரும்புகிறோம். தமிழ்நாட்டில் பதிவு செய்த வண்டியைக் கேரளத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருப்பின் இங்கே புதிய பதிவெண் பெறுதல் வேண்டும். பாறசாலைக்குக் கே.எல். 19, நெய்யாற்றின்கரைக்குக் கே.எல். 20 என்பன குறிகள். டி.என். 74, டி.என். 75 எண்களோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டிவரும் அன்பர்கள் அந்தந்தப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகி இதனை முடித்துக் கொள்வது நலம். கேரளத்தில் இருசக்கர வண்டியின் உச்ச வேகம் 2023 சூலை முதல் மணிக்கு 60 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டதையும் கருத்திற் கொள்க.

வேறு வழிகள்

பின்வண்டி வேண்டா என்று சொல்லி நிறுத்துவது போதாது. சுமைக்கு வழி கூற வேண்டும். தனியே செல்பவர், பின்சக்கரத்தின் இருபுறமும் சம எடையாகத் தொங்கும் பைகளைப் பயன்படுத்தலாம். கனமானவற்றை அடியிலும் இலேசானவற்றை மேலிலும் வைத்தல் வேண்டும். மோட்டார் சைக்கிளில் இலேசான பெட்டி பொருத்துவதற்கு 2020-இல் நடுவணரசு அளவு வகுத்தது: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருத்தல் வேண்டும். பின்னிருக்கையில் பெட்டி அமர்ந்தால் அங்கே ஆள் அமர்தல் கூடாது. மொத்த எடையும் வண்டிக்குக் குறித்த அளவைத் தாண்டலாகாது.

குடும்பத்தோடு செல்பவர்க்கு இரயிலே சிறந்த துணை. 1979-இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் – நாகர்கோவில் இருப்புப்பாதை, நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை நிலையங்கள் வழியாகவே செல்கிறது. மனைவி மக்களும் மூட்டைகளும் பயணிகள் வண்டியில் செல்ல, ஊரில் வாகனம் தேவைப்படின் ஒருவர் மட்டும் மோட்டார் சைக்கிளில் சுமையின்றிப் பின்தொடரலாம். துணிக்கட்டும் பாத்திரமும் கொண்டு செல்லும் வணிகர்க்குச் சுமை ஆட்டோ உண்டு. இருவர் மூவர் சேர்ந்து வாடகையைப் பகிர்ந்தால் செலவும் தாங்கத்தக்கதே. மோட்டார் சைக்கிளோடுதான் சுமை செல்ல வேண்டும் என்பார், சட்டம் ஏற்கும் பக்கவண்டியை முறைப்படி பொருத்திப் பதிவுச் சான்றில் குறிக்கச் செய்து, அதனை ஓட்டவும் பழகிக்கொள்ளலாம். பக்கவண்டி பூட்டிய வண்டி சாயாது. ஆகவே அதனை ஓட்டும் முறை வேறு.

முடிவு

நேரான அகன்ற சாலையும், பெரிய எஞ்சினும், முறையான இணைப்பும், இசைவு தரும் சட்டமும் கூடிய நாட்டில் பின்வண்டி ஒரு வசதி. நெய்யாற்றின்கரைக்கும் நாகர்கோவிலுக்கும் இடைப்பட்ட நம் பாதையில், நம் வண்டிகளோடு, அது துணையன்று, சுமைக்கு மேற்சுமை. ஆதலின் பட்டறையில் பின்வண்டி செய்ய முன்பணம் கொடுக்க எண்ணியிருக்கும் இளைஞர் அப்பணத்தைக் கொண்டு நல்ல தலைக்கவசம் இரண்டும், தேய்ந்த டயருக்கு மாற்றும் வாங்குவாராக. எடுத்துச் செல்லும் பலகாரக் கூடை ஒரு நாள் பிந்தி வந்தாலும் ஊரில் யாரும் குறை சொல்லார். வாசலில் நின்று வழி பார்ப்பவர் தேடுவது கூடையை அன்று, வருகின்றவரையே.