பிறர் செய்த பெட்டியும் நம் தறியும்

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி நகரின் நெசவுத் தெருக்களில் நடப்போர் செவியில் முதலில் விழுவது தறியின் ஓசையேயாகும். வீட்டினுள் நுழைந்து அத்தறியை உற்று நோக்குவோர், அதன் தலைக்கு மேலே ஒரு பெட்டி அமர்ந்திருப்பதைக் காண்பர். அதுவே ஜக்கார்டு பெட்டி. துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்ப, துளை உள்ள இடத்தில் கொக்கி பாவு நூலை உயர்த்துகிறது. துளை இல்லாத இடத்தில் நூல் கீழேயே தங்கிவிடுகிறது. அவ்வாறே சேலையின் கரையிலும் முந்தியிலும் மாங்காயும் மயிலும் உருப்பெறுகின்றன.

இப்பெட்டி ஆரணியில் தோன்றியதன்று. 1804ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவரான ஜோசப் மேரி ஜக்கார்டு என்பார் அமைத்த பொறியின் வழிவந்தது. நெசவாளர் அதனைத் தாமே செய்வதுமில்லை. விலைக்கு வாங்கித் தம் தறிமேல் ஏற்றிக்கொள்கிறார். ஆனால் ஏற்றுவதற்கு முன் அவர் பார்க்க வேண்டியவை பல. கொக்கிகளின் எண்ணிக்கை தம் கரையின் இழைகளுக்குப் போதுமா? கூரையின் உயரம் இடம் கொடுக்குமா? மிதியின் இழுப்பு காலுக்குத் தாங்குமா? இவற்றைப் பாராமல் ஏற்றிய பெட்டி பட்டையும் ஜரிகையையும் பாழாக்கிவிடும்.

இதே செயல் கணிப்பொறித் துறையிலும் நாள்தோறும் நிகழ்கின்றது. உலாவியின் வழியே இயங்கும் மென்பொருளை வலைச்செயலி என்கிறோம். அதன் திரையில் நாம் தொட்டும் தட்டியும் பயன்படுத்தும் பகுதிகள் இடைமுகக் கூறுகள் எனப்படும். பட்டியல், படச்சுருள், நிலப்படம், நாள் தேர்வுப் பெட்டி ஆகியவை அத்தகையவை. இவற்றை ஒவ்வொருவரும் புதிதாக எழுதுவதில்லை. பிறர் எழுதி வெளியிட்டவற்றை எடுத்துத் தம் செயலியில் பொருத்திக்கொள்கின்றனர். இது குறையன்று, பெரும்பாலும் அறிவுடைமையே. ஆயினும் தறியில் பெட்டி ஏற்றும் நெசவாளரின் முன்னெச்சரிக்கை நம் கணிப்பொறி மாணவர்களிடம் குறைவாகவே காணப்படுகின்றது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டினைக் கொள்வோம். ஆரணிப் பட்டுச் சேலைகளுக்கு முன்பதிவு பெறும் வலைச்செயலி ஒன்றை நம் மாணவர் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். வாங்குவோர் நிறம், கரை, புட்டா ஆகியவற்றைத் தேர்ந்தபின், சேலை எந்நாளில் கைக்கு வரவேண்டும் எனக் குறிக்க வேண்டும். மணநாளுக்குரிய சேலை மறுநாள் வந்தால் பயனில்லை. ஆகவே அத்திரையில் மிகச் சிறியதாகத் தோன்றும் நாள் தேர்வுப் பெட்டியே மிகப் பெரிய பொறுப்பைச் சுமக்கின்றது.

அப்பெட்டிக்காக ஜேகுவெரி யூஐ என்னும் நூலகத்தை எடுத்துக்கொள்வோம். 2007இல் வெளிவந்த இந்நூலகம், எம்ஐடி உரிமத்தின்கீழ் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்கது. அதன் புதுவளர்ச்சி பெரிதும் ஓய்ந்துவிட்டதாயினும், முன்னரே அமைந்த தளங்கள் பலவற்றில் அது இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. மாற்றமின்றிப் பொருத்தினால் அது அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் காட்டும். 05/06 என்பதை நாம் ஜூன் 5 எனப் படிப்போம். பெட்டியோ மே 6 எனக் கொள்ளும். இதனை ஒரே வரியில் மாற்றிவிடலாம்.

தமிழில் காட்டுவதற்கென அந்நூலகத்துடன் ஒரு கோப்பும் உண்டு. தன்னார்வலர் உழைப்பால் உருவான அது போற்றுதற்குரியதே. எனினும் அக்கோப்பைத் திறந்து பார்ப்போர் வியப்படைவர். ஜனவரி என்னும் இடத்தில் தை, பிப்ரவரிக்கு மாசி, ஜூலைக்கு ஆடி, ஆகஸ்டுக்கு ஆவணி என்று பன்னிரு மாதங்களும் வரிசையாகப் பெயரிடப்பட்டுள்ளன. ஆங்கில மாதமோ முதல் தேதியில் பிறக்கிறது. தமிழ் மாதமோ ஏறத்தாழ அதன் நடுவில் பிறக்கிறது. பெயர் தமிழ், எண் ஆங்கிலம் என்றால் விளைவு என்ன? ஆகஸ்டு 10ஆம் நாள் உண்மையில் ஆடி மாதத்தின் இறுதிப் பகுதி. பெட்டியோ அதனை 'ஆவணி 10' என்று காட்டும். ஆடி கழிந்து ஆவணியில் திருமணம் வைத்த குடும்பத்தார் 'ஆவணி 10' எனக் கண்டு தட்டினால், மணநாளுக்கு இரண்டு கிழமைகள் முன்னரே சேலை வந்து சேரும்படி பதிவாகும். நெய்பவருக்கு அவ்விரு கிழமைகள் இல்லாமற்போகும். பஞ்சாங்கம் அறிந்த பாட்டியார் ஒருவர் அத்திரையை ஒருமுறை பார்த்திருந்தால் போதும், பிழை புலப்பட்டிருக்கும்!

மாற்று வழி, ஜனவரி, பிப்ரவரி என்றே தமிழ் எழுத்தில் வைப்பதுதான். தமிழ் மாதம் வேண்டுமெனில் அதனைத் தனியே கணக்கிட்டுக் கீழே சிறு எழுத்தில் காட்டலாம்.

அடுத்து கிழமைகளின் தலைப்பு. இடம் குறைவாதலால் சில பெட்டிகள் பெயரின் முதற்குறியை மட்டும் வெட்டி எடுக்கும். இங்குத் தமிழிலக்கணம் குறுக்கே வருகிறது. நமக்கு 'செ' என்பது ஓர் உயிர்மெய், ஓரெழுத்து. யூனிகோடு முறையிலோ அது சகரமும் எகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ஆகவே முதற்குறியை மட்டும் வெட்டினால் செவ்வாயும் 'ச', சனியும் 'ச'. வியாழனும் 'வ', வெள்ளியும் 'வ'. ஜும்ஆ நாளை அதற்கு முந்தைய நாளினின்று பிரித்தறிய இயலாத நாள்காட்டி நமக்கு எதற்கு? சரி, இரண்டு குறிகளை எடுப்போம் என்றால் ஞா, தி, செ, பு, வி, வெ என ஆறும் அழகாக அமைந்து, ஏழாவது மட்டும் 'சன' என்று நிற்கும். எழுத்து வேறு, குறியீடு வேறு என்னும் இவ்வுண்மையைத் தமிழ்த்துறை மாணவரே கணிப்பொறித் துறையினருக்கு எடுத்துரைக்க வல்லவர்.

மூன்றாவது பிழை கண்ணுக்குத் தெரியாது. பயனர் செப்டம்பர் 10 எனத் தேர்கிறார். உலாவி அதனை நம் நாட்டு நேரப்படி அன்றைய நள்ளிரவு 12 மணி எனக் கொள்கிறது. சேமிக்கும்போது அதனை உலகப் பொது நேரத்துக்கு மாற்றினால், இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னிற்பதால், அது செப்டம்பர் 9 மாலை 6.30 ஆகிவிடும். தேதிப் பகுதியை மட்டும் வெட்டிச் சேமிப்போர் ஒரு நாளை இழப்பர். இலண்டனில் குளிர்காலத்தில் சோதிப்பவருக்கு இப்பிழை தோன்றவே தோன்றாது. நாளை நாளாகவே, ஆண்டு, மாதம், தேதி என்ற எழுத்துச் சரமாகச் சேமிப்பதே இதற்குத் தீர்வு.

இனி ஹிஜ்ரி நாட்காட்டிக்கு வருவோம். நோன்புப் பெருநாளுக்கெனச் சேலை பதிவு செய்யும் குடும்பத்தார்க்கு ஹிஜ்ரித் தேதியும் காட்டப்படுதல் நன்று. இதற்கான கணக்கு இன்றைய உலாவிகளிலேயே அடங்கியுள்ளது. அவற்றுள் பெரிதும் கையாளப்படும் உம்முல்குரா முறை சவுதி அரேபியாவின் அலுவல் நாட்காட்டியாகும். அது மக்காவை மையமாகக் கொண்ட வானியல் கணக்கு. தமிழகத்திலோ பிறை கண்ட செய்தியின்மீது அரசுத் தலைமைக் காஜி அறிவிக்கும் நாளே பெருநாள். 2024இல் உம்முல்குரா கணக்கில் ஷவ்வால் முதல் நாள் ஏப்ரல் 10. தமிழகத்தில் பெருநாள் கொண்டாடப்பட்டது ஏப்ரல் 11. 2025இல் அங்கு மார்ச் 30. இங்கு மார்ச் 31. கணக்கு தவறன்று, அது வேறோர் ஊரின் கணக்கு. அதனை நம் ஊரின் பெருநாளாகக் காட்டுவதே தவறு. எனவே, மாதந்தோறும் அறிவிப்புக்கு ஏற்ப ஒரு நாளைக் கூட்டவோ குறைக்கவோ இடமளிக்கும் திருத்தம் ஒன்றை நாம் சேர்த்தாக வேண்டும்.

எங்கே சேர்ப்பது? நூலகத்தின் உட்புற நிரலையே திருத்திவிடும் ஆசை மாணவர்க்கு எழும். அது கூடாது. அடுத்த பதிப்பு வரும்போது நம் திருத்தம் அடியோடு அழியும். அயற்கூற்றைச் சுற்றி நமக்கென ஒரு மேலுறை நிரலை எழுதி, செயலியின் ஏனைய பகுதிகள் யாவும் அம்மேலுறையோடு மட்டுமே பேசுமாறு அமைத்தல் வேண்டும். பெயர்களும் வெட்டும் முறையும் சேமிக்கும் முறையும் ஹிஜ்ரித் திருத்தமும் அங்கேயே இருக்கட்டும். பின்னாளில் வேறு பெட்டி வாங்கினாலும் தறியைப் பிரிக்க வேண்டியதில்லை. அரபுத் தமிழை ஆக்கிய நம் முன்னோர் செய்ததும் இத்தகையதே. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அவர்கள் மூல எழுத்துகளைச் சிதைக்கவில்லை. புள்ளிகள் கூட்டிப் புதிய எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டனர்.

பாதுகாப்புப் பற்றியும் ஒரு சொல். 2016 மார்ச்சில், பதினோரு வரிகளே கொண்ட 'லெப்ட் பேட்' என்னும் சிறு நிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்க, அதனை நம்பியிருந்த பற்பல மென்பொருள்களின் கட்டுமானம் உலகெங்கும் தடைப்பட்டது. 2024இல் நிகழ்ந்தது இன்னும் கொடியது. 'பாலிபில்' என்னும் சேவையின் இணைய முகவரி கைமாறிய சில திங்களில், அதன்வழி வந்த நிரலில் தீங்கு கலக்கப்பட்டது. நூறாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அந்நிரலை நம்பித் தம் பக்கங்களில் வைத்திருந்தன. ஆதலின் அயற்கூற்றின் பதிப்பு எண்ணைப் பூட்டி வைத்தலும், கூடுமானவரை அதன் கோப்பை நம் சேவையகத்திலேயே வைத்தலும், வெளியிலிருந்து பெறுவதாயின் கோப்பு மாறினால் உலாவியே மறுக்கும்படி முத்திரை எண் இடுதலும் இன்றியமையாதவை. அதனினும் எளியது ஒன்றுண்டு: ஆங்கில நாள் மட்டும் போதுமெனில், உலாவியிலேயே இருக்கும் நாள் பெட்டியைப் பயன்படுத்தி, அயற்கூறே வேண்டாம் என விட்டுவிடலாம்.

பொருத்திய பின் சோதிக்க நான் தேர்வது மூன்று நாட்களை. ஜனவரி 5ஐத் தட்டினால் தமிழ்த் தேதி மார்கழியில் நிற்க வேண்டும். ஆகஸ்டு 10ஐத் தட்டினால் ஆடியில் நிற்க வேண்டும். சேமித்துத் திறந்தபின்னும் அது 9 ஆகியிருத்தல் கூடாது. மூன்றாவது, ரமலான் 29ஆம் நாளின் மாலை. அன்று மக்ரிபுக்குப் பின் அறிவிப்பு வரும்வரை, மறுநாள் கட்டத்தில் ஹிஜ்ரி எண் எதுவும் எழுதப்படாமல் வெறுமையாகவே இருக்க வேண்டும்.