பொருளியல் கட்டுரைப் போட்டி

பொருளியல் கட்டுரைப் போட்டி என்பது பல்கலைக்கழகப் படிப்பிற்கு முந்தைய நிலையில் உள்ள மாணவர்கள், கொடுக்கப்பட்ட பொருளியல் வினா ஒன்றிற்குத் தமது விடையை வாதமாக வளர்த்து எழுதும் போட்டியாகும். பள்ளித் தேர்வில் ஒரு கருத்தின் இலக்கணத்தையும் வகைகளையும் எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். இப்போட்டிகளில் அது போதாது. கருத்தைக் கொண்டு ஒரு சிக்கலை எவ்வாறு அவிழ்க்கலாம் என்பதே இங்கு பார்க்கப்படுகிறது.

பல்கலைக்கழக முன்நிலை என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். தமிழ்நாட்டில் கல்லூரிகளில் நடைபெற்று வந்த புகுமுக வகுப்பு (பி.யூ.சி.) கைவிடப்பட்டு, 1978 ஆம் ஆண்டு பள்ளிகளில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. எனவே இங்கு 11, 12 ஆம் வகுப்பு மாணவர்களே இந்நிலையினர். கருநாடகத்தில் பி.யூ.சி. என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது.

பன்னாட்டுப் போட்டிகள்

பிரித்தானியாவில் இவ்வகைப் போட்டிகள் பல உள்ளன. 1890 இல் தொடங்கி 1902 இல் அரச பட்டயம் பெற்ற அரச பொருளியல் கழகம், 'ஆண்டின் இளம் பொருளியலாளர்' என்னும் பெயரில் மேல்நிலை மாணவர்களுக்கான போட்டியை நடத்தி வருகிறது. கேம்பிரிட்ச்சுப் பல்கலைக்கழக மாணவர்களின் பொருளியல் சங்கமும் பள்ளி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைக்கிறது. 1927 இல் நிறுவப்பட்ட இச்சங்கம் ஆல்பிரட் மார்சலின் பெயரைத் தாங்கியது. ஆக்சுபோர்டில் 2011 இல் தொடங்கிய சான் லாக் நிறுவனத்தின் போட்டியில் மெய்யியல், அரசியல், வரலாறு முதலியவற்றுடன் பொருளியலும் ஒரு பிரிவாகும். அமெரிக்காவில் ஹார்வர்டு இளநிலை மாணவர்களின் பொருளியல் சங்கம் நடத்தும் போட்டி பிற நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கும் திறந்தது.

பொதுவாக 1000 முதல் 2000 சொற்களே எல்லையாக வைக்கப்படுகின்றன. இந்த எல்லை மாணவருக்கு ஓர் உதவியே எனலாம். 1500 சொற்களில் உலக வறுமையின் வரலாற்றை எழுத இயலாது; ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியதாகிறது.

தமிழ்நாட்டில் முன்னோடி

மாணவர்கள் எழுதிய பொருளியல் கட்டுரைகளுக்குத் தமிழ்நாட்டில் நூறாண்டைக் கடந்த முன்னோடி ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915 இல் வந்த கில்பர்ட் சிலேட்டர், தம் மாணவர்களிடம் வினாப்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, விடுமுறையில் சொந்த ஊருக்குச் சென்று நிலம், கூலி, கடன், உணவு ஆகியவற்றைக் கேட்டு எழுதி வருமாறு பணித்தார். அவ்வாறு திரட்டப்பட்ட ஊராய்வுகள் 1918 இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய ஆங்கில நூலாக வெளிவந்தன. இவற்றுள் சில ஊர்களை பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருட்டிணனும் மீண்டும் ஆய்ந்து 1940 இல் வெளியிட்டனர். இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இருவேல்பட்டு, 21 ஆம் நூற்றாண்டிலும் ஆய்வாளர்களால் மறுபடியும் ஆராயப்பட்டது. அது போட்டியன்று; எழுதியவர்கள் கல்லூரி மாணவர்கள். ஆயினும், தன் ஊரைப் பார்த்து மாணவர் எழுதிய குறிப்பு நூறாண்டு பயன்படும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

சிக்கன நாள் கட்டுரையும் சிக்கன முரணும்

தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்குப் பழக்கமான பொருளியல் சார்ந்த கட்டுரைப் போட்டி உலக சிக்கன நாளை ஒட்டி நடப்பதாகும். 1924 அக்டோபரில் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் பன்னாட்டு மாநாட்டில் இந்நாள் அறிவிக்கப்பட்டது. பிற நாடுகளில் அக்டோபர் 31 அன்றும், இந்தியாவில் அக்டோபர் 30 அன்றும் கடைப்பிடிக்கப்படுகிறது. தமிழக அரசின் சிறுசேமிப்புத் துறை இதற்கென மாணவர்களுக்குக் கட்டுரை, பேச்சுப் போட்டிகளை நடத்தி வந்துள்ளது. பள்ளிகளில் சஞ்சாயிகா என்னும் மாணவர் சேமிப்புத் திட்டம் இருந்த காலத்தவர்க்கு இது நன்கு நினைவிருக்கும்.

இப்போட்டிகளில் விடை முன்னரே முடிவாகிவிடுகிறது. சேமிப்பு நன்று என்று தொடங்கி, எறும்பையும் தேனீயையும் எடுத்துக்காட்டி, சேமிப்பு நன்று என்றே முடிப்பது வழக்கம். பொருளியல் கட்டுரை என்ற நிலையில் இதே தலைப்பு மிகக் கடினமானது. ஜான் மேனார்டு கெயின்சு 1936 இல் வெளியிட்ட பொதுக் கோட்பாட்டு நூலின் வழியே பரவலாக அறியப்பட்ட சிக்கன முரண் இங்கு குறுக்கிடுகிறது.

ஒரு தீபாவளிக்குத் திருச்சிராப்பள்ளியின் குடும்பங்கள் எல்லாம் புதுத்துணி வாங்குவதைத் தள்ளிப்போட்டுப் பணத்தைச் சேமிக்க முடிவு செய்வதாகக் கொள்வோம். பெரியகடை வீதியிலும் தெப்பக்குளத்தைச் சுற்றியும் உள்ள கடைகளில் விற்பனை குறைகிறது. கடைக்காரர் பணியாளரைக் குறைக்கிறார். நெசவாளருக்குத் தரும் கொள்முதலையும் குறைக்கிறார். வருமானம் இழந்தவர்களால் முன்பு சேமித்த அளவுகூடச் சேமிக்க முடிவதில்லை. ஒவ்வொருவரும் கூடுதலாகச் சேமிக்க முயன்றும் ஊரின் மொத்தச் சேமிப்பு உயராமல் போகலாம்; ஒருவருடைய செலவு மற்றொருவருடைய வருமானம் என்பதே காரணம்.

இம்முரண் எக்காலத்துக்கும் பொருந்துவதன்று. கடைகளில் சரக்கும் தறிகளில் ஆளும் வேலையின்றிக் கிடக்கும் மந்த காலத்தில் இது வலுவானது. எல்லா வளங்களும் பயன்பாட்டில் உள்ள காலத்தில், சேமிப்பு வங்கி வழியாக முதலீடாக மாறி உற்பத்தியைப் பெருக்கக்கூடும். எந்தக் காலத்தில் எந்த விடை சரி என்று பிரித்துக் காட்டும் மாணவர், எறும்பை எடுத்துக்காட்டியவரைவிட வெகுதூரம் சென்றுவிடுகிறார்.

அரசு ஏன் சேமிக்கச் சொல்கிறது என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. அஞ்சலகச் சேமிப்பில் சேரும் பணம், 1999 இல் உருவாக்கப்பட்ட தேசிய சிறுசேமிப்பு நிதிக்குச் சென்று அரசுகளுக்குக் கடனாகிறது. முன்பு மாநிலங்கள் தம் எல்லைக்குள் திரண்ட தொகையில் பெரும்பகுதியைக் கடனாகப் பெற்றன. பதினான்காவது நிதிக்குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2016 முதல் தமிழ்நாடு உட்படப் பெரும்பாலான மாநிலங்கள் இம்முறையிலிருந்து விலகின. சிக்கனத்தைப் போற்றும் அறிவுரைக்குப் பின்னால் ஒரு கடன் கணக்கும் இருந்தது என்பது பாராட்டுரை எழுதுபவர் கண்ணில் படுவதில்லை.

திருச்சியிலிருந்து எழுதத்தக்கவை

திருவரங்கத்தில் அல்லது திருச்சிராப்பள்ளியில் இருந்து எழுதும் மாணவருக்கு எடுத்துக்காட்டுகளை வெளிநாட்டுப் பாடநூல்களில் தேட வேண்டிய தேவை குறைவு.

திருவெறும்பூரில் 1960களில் உற்பத்தியைத் தொடங்கிய பாரத மிகுமின் நிறுவனத்தின் (பெல்) கொதிகலன் ஆலையைச் சார்ந்து துவாக்குடி, அரியமங்கலம் பகுதிகளில் இரும்பு வடிவமைப்புச் சிறு தொழிற்கூடங்கள் வளர்ந்தன. வாங்குபவர் ஒருவரே, விற்பவர் பலர் என்னும் சந்தைக்கு இது கண்முன் உள்ள எடுத்துக்காட்டு. 2010களில் அனல்மின் நிலையங்களுக்கான புதிய கொள்முதல் ஆணைகள் குறைந்தபோது இக்கூடங்கள் வேலையின்றித் தவித்தன. ஒரே வாங்குபவரை நம்பியது தவறா, அல்லது அந்த நம்பிக்கை இல்லாவிடில் தொழிலே தோன்றியிராதா என்பது நல்ல கட்டுரைக்குரிய வினா.

முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 1836 இல் கட்டத் தொடங்கிய மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 2018 ஆகஸ்ட் 22 அன்று ஒன்பது மதகுகள் உடைந்தன. ஆற்றில் மணல் அள்ளியதே காரணம் என்று விவசாயிகள் கூறினர். அரசு அதை மறுத்தது. மணல் விற்றவருக்கு வருவாயும், அணையை நம்பியவருக்கு இழப்பும் ஏற்பட்டிருக்குமாயின் அது புறவிளைவு எனப்படும். எனினும் முதலில் காரணத் தொடர்பை நிறுவ வேண்டும். கலைச்சொல்லைப் போட்டுவிட்டதாலேயே வாதம் முடிந்துவிட்டதாக எண்ணுவது மாணவர் கட்டுரைகளில் மிகுதியாகக் காணப்படும் பிழை.

திருச்சியையும் திருவரங்கத்தையும் இணைக்கும் 1976 ஆம் ஆண்டின் காவிரிப் பாலம் பழுதுபார்ப்பதற்காக 2022 நவம்பரில் மூடப்பட்டுச் சில மாதங்கள் கழித்துத் திறக்கப்பட்டது. ஒப்பந்தத் தொகை மட்டுமா செலவு? சுற்றிச் சென்றவர்கள் இழந்த நேரமும் வாய்ப்புச் செலவாகக் கணக்கில் வர வேண்டும். ஒரு மாணவர் பேருந்து நிறுத்தத்தில் நின்று எண்ணிப் பார்த்தே இதற்கு ஒரு மதிப்பீடு செய்துவிடலாம்.

தண்ணீர் இன்றியமையாததாயினும் விலை குறைவு, வைரம் தேவையற்றதாயினும் விலை மிகுதி என்று ஆடம் சிமித் 1776 இல் சுட்டிய முரணுக்கும் இவ்வூர் ஏற்றது. காவிரியும் செயற்கை வைரம் பட்டை தீட்டும் தொழிலும் அருகருகே உள்ளன.

மொழி

மேற்கூறிய பன்னாட்டுப் போட்டிகள் ஆங்கிலத்தில் நடப்பவை. தமிழ் வழியில் பயிலும் மாணவர் தேவை நெகிழ்ச்சி, இறுதிநிலைப் பயன்பாடு, அளிப்பு ஆகியவற்றைத் தமிழில் நன்கு அறிந்திருந்தும் போட்டியின் வாயிலிலேயே நின்றுவிடுகிறார். அவர் தோற்பது பொருளியலில் அன்று. ஆங்கிலத்தைப் பழகுக என்பது ஒரு விடையே. ஆனால் சிலேட்டரின் மாணவர்கள் ஊராரிடம் கேட்டறிந்தவை தமிழிலும் பிற தென்னிந்திய மொழிகளிலும் சொல்லப்பட்டவையாகவே இருந்திருக்கும் என்பதையும் கருத வேண்டும். மாவட்ட அளவில் தமிழ் வளர்ச்சித் துறை நடத்தும் கட்டுரைப் போட்டிகளில் மொழி, இலக்கியம், தலைவர்கள் ஆகியவையே பெரிதும் தலைப்புகளாகின்றன. அவற்றுள் ஒரு பொருளியல் வினாவைச் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு ஏதும் பிடிக்காது.

மதிப்பீடு

நடுவர்கள் பெரும்பாலும் வினாவுக்கு நேரான விடை, வாதத்தின் ஒழுங்கு, சான்றுகளின் தரம், எதிர்வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ளல் ஆகியவற்றைப் பார்க்கின்றனர். பிறர் எழுதியதைத் தமதாகக் காட்டுவது எல்லாப் போட்டிகளிலும் தகுதியிழப்புக்கு உரியது. பணம் பெற்றுக்கொண்டு கட்டுரையைத் திருத்தித் தரும் ஆலோசகர்களும், 2022 இன் இறுதியிலிருந்து பரவிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இதனைக் கண்டறிவதைக் கடினமாக்கியுள்ளன. இந்நிலையில், எழுதியவர் தாமே எண்ணியும் கேட்டும் திரட்டிய உள்ளூர்த் தரவு கட்டுரையில் இருப்பின், அது வாதத்திற்குச் சான்றாவதோடு கட்டுரை அவருடையதே என்பதற்கும் சான்றாகிறது.