காலமும் மனமும் கைவரப் பெற்றால் குறிக்கோள் கைகூடும்

ஜொகூர் மாநிலத்தின் லாபீஸ், குளுவாங், கோத்தா திங்கி ஆகிய வட்டாரங்களில் உள்ள ரப்பர் தோட்டங்களில் பொழுது புலரும் முன்னரே நாள் தொடங்கிவிடுகின்றது. கோழி கூவும் வேளையில் அடுப்பு எரிகின்றது. பெரட்டில் பெயர் கூப்பிடப்படுகின்றது. கிழக்கு வெளுக்கும்போது பால்வெட்டுக் கத்தி மரப்பட்டையில் இறங்கியிருக்கும். இவ்வாறு நாள்தோறும் உழைக்கும் பாட்டாளிக்குக் காலத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எனினும் ஒரு கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்வது நன்று. தோட்டத்தின் வேலைக்கு இத்துணை ஒழுங்காகக் காலத்தை வகுத்துக்கொள்ளும் நாம், நமது சொந்த வாழ்வின் குறிக்கோளுக்கும் அவ்வாறே வகுத்துக்கொள்கின்றோமா? பிற்பகலில் வாளியைக் கழுவிக் கவிழ்த்தபின் அந்த ஒழுங்கும் கவிழ்ந்துவிடுகின்றதா? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரம் கற்பிக்கும் பாடம்

விடியற்காலையில் பால் வெட்டுவது ஏன் என்பதற்கு அறிவியல் காரணம் உண்டு. இரவில் இலைகளின் நுண்துளைகள் மூடியிருப்பதால் மரத்திலிருந்து நீர் ஆவியாவது மிகக் குறைவு. ஆகவே பட்டையினுள் உள்ள பால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கின்றது. அந்நேரத்தில் வெட்டினால் பால் தாராளமாக ஓடி மங்கை நிரப்பும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கின்றன; அழுத்தம் தணிகின்றது; பாலும் குறைகின்றது. 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னோக்கி வைக்கப்பட்டன. மரங்கள் அதனை அறியவில்லை. பழைய பொழுதிலேயே பாலைத் தந்தன. ஒவ்வொரு செயலுக்கும் அதற்குரிய பொழுது ஒன்று உண்டு என்பதை ரப்பர் மரத்தைவிடத் தெளிவாகக் கூறும் ஆசிரியர் இலர்.

இரண்டாவது பாடம் சிறுமையின் வலிமையைப் பற்றியதாகும். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்து சேர்ந்தன. ஆயினும் பல ஆண்டுகள் தோட்ட முதலாளிகள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை, காப்பியையே நம்பியிருந்தனர். 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி என்பார், ரப்பரின் எதிர்காலத்தில் அசையாத நம்பிக்கை கொண்டிருந்தார். சட்டைப் பையில் விதைகளைச் சுமந்து சென்று கண்டவர்களிடமெல்லாம் கொடுத்து நடுமாறு வேண்டினார். பித்தர் என்று அவரை எள்ளி நகையாடியோரும் உண்டு.

அந்நாளில் அமேசான் காடுகளில் மரத்தைக் கோடரியால் கொத்தியே பாலெடுத்தனர். அதனால் மரம் புண்பட்டு நலிந்தது. ரிட்லியோ, ஒரே வெட்டுவாயை மீண்டும் மீண்டும் மெல்லியதாகச் சீவும் முறையை வகுத்துக் காட்டினார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்பவர் ரப்பர்த் தோட்டம் தொடங்கினார். பின்னர் ஜொகூர் உள்ளிட்ட பல மாநிலங்களில் ரப்பர் பரவியது. இன்றும் ஒரு வெட்டுக்குச் சீவப்படும் பட்டை ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டரே. கோடரியால் இயலாததை இம்மெல்லிய சீவல் சாதித்தது. தம்மை நகைத்தவர்கள் நடுவே கொள்கையில் நின்ற ரிட்லி, தாம் நம்பிய மரம் ஒரு நாட்டின் செல்வமாக வளர்ந்ததைக் கண்டு, 1956இல் தமது நூறாம் வயதில் மறைந்தார்.

பத்துப் பத்து வெள்ளியாகத் தோட்டம் வாங்கிய கதை

சிறுகச் சிறுகச் செய்வது மரத்திற்கு மட்டுமா பொருந்தும்? நம் மக்களின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு.

நாடு 1957இல் விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி, வெளிநாட்டு உடைமையாளர் பலர் தங்கள் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றனர். தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்தவர்கள் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்து தவித்தனர். அந்நிலையில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் அமைச்சராக இருந்தவருமான துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள், பாட்டாளிகளே ஒன்றுகூடித் தோட்டங்களை வாங்கலாம் என்னும் திட்டத்தை முன்வைத்தார். 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது.

பங்கின் விலை நூறு வெள்ளி. அன்றைய பால்வெட்டுத் தொழிலாளியால் நூறு வெள்ளியை ஒரே தொகையாகக் கொடுக்க இயலுமா? இயலாது. ஆகவே மாதம் பத்து வெள்ளித் தவணையாகச் செலுத்த வழி செய்யப்பட்டது. அப்பத்து வெள்ளியும் எளிதில் கிடைத்ததன்று. பல நாள் கூலியில் மிச்சம் பிடித்த பணம். சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோறும் சென்று திட்டத்தை விளக்கினார். ஐயுற்றவர்களும் மெல்ல மெல்லச் சேர்ந்தனர். கெடா மாநிலத்தில் ஏறக்குறைய 3,000 ஏக்கர் பரப்புள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. அதன்பின் வேறு பல தோட்டங்களும் வாங்கப்பட்டன. 1979இல் சம்பந்தன் அவர்கள் மறைந்த பின்னரும் சங்கம் நிலைத்து நிற்கின்றது.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. குறிக்கோள் தெளிவாக இருந்தது. தொகை சிறிதாகவும் மாறாததாகவும் இருந்தது. செலுத்தும் நாள் மாதந்தோறும் தவறாது வந்தது. தனி மனிதரின் குறிக்கோளுக்கும் இம்மூன்றே போதும்.

குறிக்கோளை எண்ணால் கூறுக

'நன்றாக வாழ வேண்டும்' என்பது விருப்பம். அது குறிக்கோள் ஆகாது. என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், எந்த ஆண்டுக்குள் வேண்டும் என்று கூறினால்தான் அது குறிக்கோள்.

தோட்டக் குடும்பங்கள் பலவற்றிற்கு முதற்பெருந் தேவை சொந்த வீடாகும். தோட்ட வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. ஓய்வு பெறும் நாளில், பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீட்டின் சாவியை ஒப்படைத்துவிட்டு எங்குச் செல்வது என்று கலங்கி நின்றோரை நம்மில் பலர் அறிவோம். அக்கலக்கம் நமக்கு வராதிருக்க, இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே எண்ணத் தொடங்குதல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 100,000 வெள்ளி விலையுள்ள ஒரு வீட்டைக் கருதுவோம். வங்கிகள் பொதுவாக விலையில் 90 விழுக்காடு வரை கடன் தருகின்றன. எஞ்சிய 10,000 வெள்ளியை நாம் திரட்ட வேண்டும். கணவனும் மனைவியும் ஆளுக்கு மாதம் 60 வெள்ளி, அதாவது நாளொன்றுக்கு 2 வெள்ளி, தனியே வைத்தால் மாதம் 120 வெள்ளியாகும். ஆண்டுக்கு 1,440 வெள்ளி. ஏழு ஆண்டுகளில் 10,080 வெள்ளி. ஏழு ஆண்டுகளா என்று மலைக்க வேண்டா. நட்ட ரப்பர்க் கன்று கத்தி படும் பருவத்தை அடைய ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை களை எடுத்து உரமிட்டுக் காத்திருக்கும் நமக்குப் பொறுமை புதிதன்று.

இத்துடன் ஊழியர் சேமநிதியும் துணை நிற்கின்றது. 1951இல் தொடங்கப்பட்ட இந்நிதிக்கு, 1,700 வெள்ளி சம்பளம் பெறும் மலேசியத் தொழிலாளி 11 விழுக்காடாகிய 187 வெள்ளியையும், முதலாளி 13 விழுக்காடாகிய 221 வெள்ளியையும் மாதந்தோறும் செலுத்துகின்றனர். 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் 55 வயதுக்கு உட்பட்டோரின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகின்றது. 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்கிலும், 15 விழுக்காடு வீடு, கல்வி, மருத்துவம் போன்ற தேவைகளுக்கு உதவும் கணக்கிலும், 10 விழுக்காடு எந்நேரமும் எடுக்கக்கூடிய கணக்கிலும் சேர்கின்றன. எடுக்கக்கூடியது என்பதற்காகவே எடுத்துவிடுதல் கூடாது. மழைநாளுக்கென வைத்த விறகை வெயில்நாளில் எரிப்பார் உண்டோ?

பிற்பகலின் ஒரு மணி நேரம்

பணத்தைப் போலவே காலத்தையும் முதலில் எடுத்து வைத்தல் வேண்டும். பால் நிறுத்து வீடு திரும்பும்போது பிற்பகல் ஒன்று அல்லது இரண்டு மணி ஆகின்றது. அதிகாலையில் எழுந்தவருக்கு ஓய்வு கட்டாயம் தேவை. சமையல், துவைத்தல், பிள்ளைகளைக் கவனித்தல் ஆகியவையும் உள்ளன. இல்லத்தரசிகளுக்கு அவ்வேலை இருமடங்கு என்பதை ஆண்கள் உணர்ந்து பங்கேற்றாலன்றி அவர்களுக்கு ஒரு நிமிடமும் மிஞ்சாது. இவையெல்லாம் போக ஒரு மணி நேரத்தை மட்டும் குறிப்பிட்ட பொழுதில் ஒதுக்குவோம்.

வாரம் ஆறு நாள், நாளுக்கு ஒரு மணி என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மணி நேரமாகின்றது. 300 மணி நேரத்தில் தையற்கலை பழகலாம். வாகன உரிமத் தேர்வுக்குப் படிக்கலாம். அரசு அலுவலகக் கடிதங்களைப் பிறர் உதவியின்றிப் படித்து நிரப்பும் அளவுக்கு மலாய் மொழியில் தேர்ச்சி பெறலாம். பிள்ளையின் பாடத்தை அருகிலிருந்து கேட்கலாம். ஒவ்வொரு நாளும் வெவ்வேறு வேலை செய்தால் 300 மணி நேரமும் சிதறிவிடும். ஓராண்டுக்கு ஒரே குறிக்கோள் என்று வரையறுத்துக்கொள்வதே முறை.

தொலைக்காட்சியும் கைப்பேசியும் வேண்டா என்று கூறுவாரில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் முடிந்தபின் அவற்றை நாடுக. முதலில் அவற்றை நாடினால் அம்மணி நேரம் வெயிலேறிய பின் வெட்டிய மரம் போலாகும். உழைப்பு உண்டு, பால் இராது.

தவறிய நாளும் மனத்திண்மையும்

ஜொகூரில் நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை பெய்கின்றது. பட்டை நனைந்தால் வெட்ட இயலாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் இம்மாநிலத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்து, ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அதனை அடுத்து இலையுதிர்காலம். அப்போது பால் குறைகின்றது. இவற்றோடு நோயும் வரும். திருமணமும் திருவிழாவும் வரும். ஆகவே சேமிப்பு சில மாதங்கள் தவறுவது இயல்பே. படிப்பும் இடையில் நின்றுபோகலாம்.

அவ்வேளையில் மனம் இருவகையாகத் தவறும். 'நமக்கு இது விதிக்கப்படவில்லை' என்று கைவிடுவது ஒன்று. இழந்ததை ஒரே நாளில் ஈட்டிவிட வேண்டும் என்று துடிப்பது மற்றொன்று. பின்னதே பேராபத்து. நான்கு நாள் மழைக்குப் பின் மரத்தடிக்குச் செல்பவர், இழந்த பாலை ஈடு செய்யக் கத்தியை ஆழமாக இறக்குவாராயின் என்ன நேரும்? உள்ளிருக்கும் வளர்படலம் காயப்படும். புதுப்பட்டை கரடுமுரடாக முளைக்கும். பல ஆண்டு வருவாய் ஒரு வெட்டில் கெடும். ஓய்வின்றி மிகையாக வெட்டினாலும் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். தேர்ந்த தொழிலாளி மழைக்குப் பின்னும் வழக்கமான மெல்லிய சீவலையே சீவுவார்.

வாழ்விலும் அவ்வாறே. விட்டுப்போன சேமிப்பை ஈடு செய்ய எண்ணி நான்கு நம்பர் எழுதுவதும், வட்டிக்கு வாங்குவதும், விரைவில் இரட்டிப்பாகும் என்பாரை நம்புவதும் ஆழ வெட்டுவதற்கு ஒப்பாகும். தோட்டங்களில் முன்பு பெரிதும் பழகிய கூட்டுப் பிடிக்கும் வழக்கத்தை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. கூட்டு நடத்துபவர் ஓடிவிட்டால், சட்டத்திற்குப் புறம்பான அப்பணத்தை எவரிடம் சென்று கேட்பது? 1974இல் அமைந்த தேசிய சேமிப்பு வங்கி போன்ற முறையான இடங்களில் சேர்த்த சிறுதொகையே நிலைக்கும்.

திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்திற்குப் பின்னரே காலமறிதல் வைக்கப்பட்டுள்ளது. முதலில் தன் வலிமையை அறிதல், பின்னர் காலத்தை அறிதல் என்று அவ்வரிசையைக் கொள்ளலாம். 200 வெள்ளி சேர்க்க இயலாதவர் 60 வெள்ளி சேர்க்கட்டும்; அதுவும் இயலாதவர் 20 வெள்ளியில் தொடங்கட்டும். தொகையைக் குறைத்துக்கொள்வது இழுக்கன்று. தொடர்ச்சியை விடுவதே இழப்பு.

இன்று மாலையே தொடங்குவோம்

பாட்டாளி அன்பர்களே! இன்று மாலை குடும்பத்தினர் அனைவரும் ஒருங்கே அமருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் உங்கள் குறிக்கோளையும், அதற்குரிய தொகையையும், முடிக்க வேண்டிய ஆண்டையும் எழுதுங்கள். சம்பள நாளன்று கடைப் பற்றைத் தீர்க்கும் முன்னரே ஒதுக்க வேண்டிய தொகை எவ்வளவு என்று முடிவு செய்யுங்கள். பிற்பகலில் எந்த ஒரு மணி நேரம் உங்களுடையது என்பதையும் குறியுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளையிடம் அந்நோட்டை ஒப்படைத்து, மாதந்தோறும் கணக்கைக் குறித்துவரச் சொல்லுங்கள். பெற்றோரின் உறுதியைக் கண்ணாரக் கண்டு வளரும் பிள்ளைக்கு அதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

நாளை விடியற்காலையில் மரத்தடியில் நின்று கத்தியை எடுக்கும்போது, அம்மெல்லிய சீவலைச் சற்றே நோக்குங்கள். ஒரு சீவலால் வாளி நிரம்புவதில்லை. ஆனால் ஒரு சீவலையும் ஒழுங்காகச் சீவாதவரின் வாளி ஒருபோதும் நிரம்பியதில்லை.