துணியில் விரியும் ஈரப்பலா இலை

ஈரப்பலாக்காய்க் கறியின் சுவையை இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விரித்த கையைப்போல் ஆழமாகப் பிளந்திருக்கும் அதன் இலையும் நினைவிருக்கும். பசிபிக் கடலின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளில் அம்மரத்துக்கு ‘உலு’ என்று பெயர். அத்தீவுப் பெண்மணிகள் பஞ்சு வைத்துத் தைக்கும் குவில்ட் போர்வைகளில் இந்த இலைக்கே முதலிடம். புதிதாகப் பழகுகிறவர் முதலில் உலு இலையைத் தைத்தால் வாழ்வில் குறைவிராது என்பது அவர்கள் நம்பிக்கை.

1820ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பாதிரிமாரின் மனைவியர் இத்தையலை அங்கே கற்பித்தனர். அவர்கள் காட்டியது சிறு துண்டுகளை இணைக்கும் முறை. மரப்பட்டையை அடித்து முழுவிரிப்பாகவே துணி செய்து பழகிய ஹவாய்ப் பெண்களோ நாளடைவில் தம் வழியை வகுத்துக் கொண்டனர். உலரப் போட்ட துணியில் மரக்கிளையின் நிழல் விழ, அதை அப்படியே வெட்டித் தைத்தாள் ஒருத்தி என்று கதையும் உண்டு.

பெரிய போர்வைக்கு மாதக்கணக்காகும். ஆகவே 22 அங்குலச் சதுரத்தில், சுவரில் மாட்டும் அளவில் தொடங்குவது நல்லது. அடித்துணி ஒரு நிறம், இலைத்துணி வேறு நிறம். பூப்போட்ட துணி வேண்டாம். இலைத்துணியை இரண்டாக, நான்காக, பின் மூலைவாட்டில் முக்கோணமாக மடித்தால் எட்டு மடிப்பு வரும். துணியின் நடுப்புள்ளி அமைந்த முனையிலிருந்து கிளம்புமாறு இலையை வரைந்து, எட்டையும் சேர்த்து வெட்ட வேண்டும். மடிப்போரத்தை முழுவதும் வெட்டிவிட்டால் எல்லாம் தனித்தனியாக உதிர்ந்துவிடும்! விரித்து, அடித்துணிமேல் பெருந்தையலிட்டு நிறுத்தி, ஓரத்தை ஊசிமுனையால் உள்ளே மடக்கித் தைக்க வேண்டும். திருவிழாத் தேரில் தொங்கும் தொம்பைகளைக் கவனித்தவர்களுக்குத் துணிமேல் துணி வைக்கும் இவ்வேலை புதிதல்ல.

உயிர் வருவது இதன் பிறகுதான். அடியில் பஞ்சும் உள்துணியும் வைத்து, இலையின் விளிம்பையொட்டி ஒரு வரிசை ஓடுதையல். அதிலிருந்து அரை அங்குலம் தள்ளி அதே வளைவில் இன்னொன்று. இப்படியே துணியின் ஓரம் வரை. குளத்தில் கல் விழுந்தாற்போல் வளையங்கள் பரவும். தையல் விழுந்த இடம் பள்ளமாகும், இடைவெளி மேடாகும். அதில் வெளிச்சம் சாய்ந்து விழும்போது இலை எழுந்து நிற்கும். இலைக்குள் நரம்புகளையும் தைப்பதுண்டு. அவசரத்தில் கட்டம் கட்டமாகத் தைத்தால் இந்த மேடுபள்ளம் கிடைக்காது.

ஒருவர் வரைந்த வடிவத்தை அவர் அனுமதியின்றி எடுப்பது ஹவாயில் பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. ஆகவே அச்சிட்ட மாதிரியை நாடாமல் சொந்தமாக வரைவதே முறை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் காட்ட ஈரப்பலா மரம் இல்லை. பாட்டி நினைவிலிருந்து வரையட்டும், பேத்தி வெட்டட்டும். முருங்கை இலை மட்டும் வேண்டாம். அவ்வளவு சிறிய ஓரத்தை மடக்க எந்த விரலாலும் முடியாது. பூவரசு எளிது.