ஹெரால்டுக்கு ஒரு கியர்பாக்ஸ்
கடலோரக் கார்கள் – 7

கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போய் வண்டலூர் ரோட்டைப் பிடித்தால், முப்பது கிலோமீட்டருக்குள் பெருங்களத்தூர் வந்துவிடும். ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்த ஊர். 1961-இல் வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அவர்களுடைய வண்டி. இங்கிலாந்து டிரையம்ப் ஹெரால்டின் தம்பி. உருவம் தந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. பின்னாளில் நான்கு கதவு வைத்தது மட்டும் நம் ஊர்க் கைவண்ணம். எண்பதுகளின் கடைசியில் கார் உற்பத்தி நின்றது. இன்று அந்த நிலத்தில் ஐ.டி. கட்டடங்கள்.

உள்ளூரில் பிறந்த கார்தான். ஆனால் அதற்கு ஒரு கியர்பாக்ஸ் வேண்டுமென்றால் சென்னைப் புதுப்பேட்டையில் தேட வேண்டும். இல்லையென்றால் கோயம்புத்தூர், கேரளம், கொல்கத்தா. கையில் கிடைக்கும் வேறு எஞ்சினைப் பொருத்தியும் ஓட்டலாம். ஆனால் விண்டேஜ் பதிவு வேண்டுமென்றால், 2021-இல் வந்த மத்திய அரசு விதி அதற்கு இடம் தருவதில்லை. 50 ஆண்டு கடந்து, மூல உருவம் பெரிதாக மாறாத வண்டிக்குத்தான் விண்டேஜ் பதிவும் ‘வி.ஏ.’ எண்ணும். ஆகவே அசல் இரும்பே வேண்டும். அசல் இரும்பு கனக்கும்.

கனம் என்றதும் கூரியர்காரரிடம் போகிறார்கள் பலர். அவருக்கு எடையைவிட இடம் முக்கியம். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார். வருகிற கிலோ, தராசு காட்டும் கிலோ இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. ஹெரால்டின் பானட் முன் இறக்கைகளோடு ஒரே துண்டாகத் திறப்பது. அதற்கு 150 × 150 × 70 அளவில் பெட்டி அடித்தால் கணக்கு 315 கிலோ என்று வரும்! உள்ளே இருப்பது வெறும் தகடு. கியர்பாக்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. சின்னப் பெட்டி, நிஜ எடை. ஆனால் கிலோவுக்கு கூரியர் கேட்கும் விலையில் இரும்பை அனுப்புவது வீண் செலவு.

அதற்கு லாரி புக்கிங் ஆபீஸ்தான் சரி. மெதுவாகப் போகும், போய்ச் சேரும். வீட்டு வாசல் வரை கேட்காமல் குடோன் டெலிவரி போடுங்கள். அங்கிருந்து ஒரு குட்டியானை வேன் பிடித்துக்கொள்ளலாம். எண்ணெயை முழுக்க வடித்து, துளைகளை அடைத்து, கியர்பாக்ஸை மரச்சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். சாக்கில் சுற்றி அனுப்பினால் இறக்கும்போது உருட்டத்தான் செய்வார்கள். வார்ப்பிரும்புக் காது ஒன்று உடைந்தால் மொத்தமும் பாழ். பில் இல்லாத பழைய சாமானுக்கு, விற்றவர் மதிப்பு எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் கூடவே போகட்டும். மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் கேட்பார்கள். தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு ஒரு லட்சம். ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்று லாரி ரசீதில் (எல்.ஆர்.) அச்சடித்திருப்பதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அது வெறும் அலங்காரம் இல்லை.

ரயில் பார்சல், வண்டி புறப்படும் ஊருக்கும் கடைசி ஊருக்கும் மட்டும் நல்லது. இரண்டு நிமிடம் நிற்கும் ஸ்டேஷனில் கியர்பாக்ஸை யார் இறக்குவார்?

இங்கிலாந்திலிருந்து பாகங்களை வரவழைப்பது வேறு கதை. கனத்த சரக்குக்குத் தண்ணீர் வழி மலிவு என்பது கோவளத்துக்குப் புதிதல்ல. ஊருக்கு மேற்கே ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயில்தான் உப்பும் விறகும் படகேறிச் சென்னை போயின. இன்றைய படகு, கன்டெய்னர் கப்பல். முழு கன்டெய்னர் தேவையில்லை. பலர் சரக்கோடு நம் பெட்டியும் ஏறும். கட்டணம் ஒரு கன மீட்டருக்கு அல்லது ஆயிரம் கிலோவுக்கு, எது அதிகமோ அதன்படி. ஒரு கன மீட்டரில் கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், ஸ்பிரிங் எல்லாம் அடங்கியும் ஆயிரம் கிலோ எட்டாது. கூரியரில் எதிரியாக இருந்த எடை, கப்பலில் பெரிய பொருட்டே இல்லை.

ஒரு பொறி உண்டு. கப்பல் கூலி கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். சென்னையில் கரையேறிய பிறகு சரக்கு நிலையக் கட்டணம், டெலிவரி ஆர்டர், சுங்க வரி, ஏஜென்ட் கூலி என்று வரிசை கட்டும். வீடு வரை மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்காமல் பெட்டியை ஏற்றச் சொல்லாதீர்கள். பெட்டி மரத்தில் வெப்பப் பதம் செய்த ‘எச்.டி.’ முத்திரையும் இருக்க வேண்டும்.

பெரும்பாலும் ஒரு கன மீட்டருக்குக் குறைந்தாலும் அதே காசுதான் வாங்குவார்கள். ஆகவே ஹெரால்டு வைத்திருக்கும் நாலு பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழையுங்கள். உபயோகித்த பாகங்களை இறக்குமதி செய்யப் பொதுவாக அரசின் அனுமதி வேண்டும் என்பதால், புதிதாகச் செய்த பாகங்களை மட்டும் கேளுங்கள். புதியவை என்பதை பில்லிலும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.