பழுது பார்த்த வண்டியும் பழுது பாராத மனமும்

புதிதாக வாங்கிய வாகனத்தைக் கோவில் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தி, மாலை சூட்டி, தீர்த்தம் தெளித்து மந்திரித்துத் தருமாறு வேண்டுவது நம் மக்களிடையே வேரூன்றிய வழக்கம். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் இக்காட்சியைப் பல பங்குகளிலும் காணலாம். பிள்ளைகள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவர். வீட்டுக்காரர் எல்லோருக்கும் இனிப்பு வழங்குவார். ஆனால் விபத்தில் நொறுங்கி, பல வாரங்கள் பட்டறையில் கிடந்து திரும்பிய வாகனத்தை எவரும் மாலையிட்டுக் கொண்டுவருவதில்லை. அது பெரும்பாலும் இருட்டிய பிறகு, வேறொருவர் ஓட்ட, அரவமின்றி வீடு வந்து சேர்கிறது. அதன்மேல் ஓர் உறை போர்த்தப்படுகிறது. மாதங்கள் கடந்தும் அவ்வுறை அகற்றப்படாத வீடுகளை நாம் அறிவோம்.

வண்டிக்குப் பழுது பார்த்தாயிற்று. அதனை ஓட்டியவருக்குப் பார்க்கவில்லை. இம்மாதம் அவரைப் பற்றியே எழுத விழைகிறோம்.

நமது பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் உழவுக் கருவிகளுக்கான உதிரிப் பாகங்களை ஊர் ஊராகக் கொண்டுசென்று கடைகளுக்குக் கொடுத்து வருபவர். கார் இன்றேல் அவருக்குத் தொழில் இல்லை. குடும்பத்தோடு வேளாங்கண்ணித் திருத்தலம் சென்று திரும்பும் வழியில், தஞ்சாவூரைக் கடந்த பின், பின்விளக்கு ஏதுமின்றிச் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த லாரியின்மீது அவருடைய கார் மோதியது. மனைவிக்குக் காறை எலும்பும் இடக்கையும் முறிந்தன. ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகளுக்கு நெற்றியில் கண்ணாடி கிழித்த காயம். அவருக்கோ சில சிராய்ப்புகள் மட்டுமே. தாம் ஒருவர் மட்டும் நலமாய் எழுந்து நின்றது ஏதோ குற்றம் செய்துவிட்டதுபோல் அவர் நெஞ்சை அழுத்தியது.

ஏழு வாரங்களில் வண்டி திரும்பியது. அவரோ திரும்பவில்லை. "சாமி, சாவியைக் கையில எடுத்தாலே உள்ளங்கை வேர்த்துப் போகுது. அந்த லாரியோட பின்பலகைதான் கண்ணுக்கு முன்னால நிக்குது" என்றார். (பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதன்று, பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்து சொன்னது. அவருடைய இசைவு பெற்றே எழுதுகிறோம்.) மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் அலைந்தார்; வருமானம் பாதியாயிற்று.

ஊரார் பேச்சும் சேர்ந்துகொண்டது. நேர்ச்சை ஏதேனும் பாக்கி இருந்திருக்கும் என்றனர் சிலர். "அந்த வண்டி நமக்கு ஆகாது தம்பி, வந்த விலைக்குத் தள்ளிவிடு" என்றார் அவருடைய தாயார். பக்தியுள்ள உறவினர் ஒருவர், விசுவாசம் இருந்தால் பயம் எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனார். இம்மூன்றாவது சொல்லே அவரை மிகவும் வருத்தியது. நமக்கும் அதுவே மிகக் கடுமையான சொல்லாகத் தோன்றுகிறது. கெத்செமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே திகிலுற்றுக் கலங்கினார் என்று நற்செய்தி ஏடு மறைக்காமல் கூறும்போது, விபத்துக்குள்ளானவன் அஞ்சுவதை விசுவாசக் குறைவென்று சொல்ல நாம் யார்?

பயண ஆபத்துக்களைப் பற்றிப் பேசத் தகுதியுள்ள புனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் புனித சின்னப்பரே. தாம் மும்முறை கப்பல் சேதத்திற்கு உள்ளானதாகக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் அவர் குறிப்பிடுகிறார். மால்டா தீவருகே நேர்ந்த புகழ்பெற்ற விபத்து இதற்குப் பின்னர் நிகழ்ந்தது. ஆகவே அது நான்காவது. அக்கப்பலில் இருந்தோர் 276 பேர். உடைந்தது அலெக்சாந்திரியா நகரத்துக் கப்பல். மூன்று மாதம் சென்றபின் அவர் உரோமை நோக்கி ஏறியதும் அதே அலெக்சாந்திரியா நகரத்தின் வேறொரு கப்பலே. இதைத் தாமாக விரும்பிச் செய்த வீரச் செயலென்று நாம் மிகைப்படுத்தலாகாது. அவர் அப்போது கைதி. ஏறு என்றால் ஏறத்தான் வேண்டும். எனினும் முதல் மூன்று விபத்துக்களுக்குப் பின் அவர் கைதியாக இருக்கவில்லை என்பதை நினைக்கவேண்டும். அந்த மூன்று மாதமும் காரணமின்றிக் கழியவில்லை. குளிர்காலக் கடல் அடங்கும்வரை கப்பலோட்டிகள் காத்திருந்தனர். அஞ்சியவனுக்கும் அவ்வாறு காத்திருக்கும் காலம் ஒன்று உண்டு. ஆனால் அதற்கு ஓர் எல்லையும் உண்டு.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்சின் வரலாற்றில் இதற்கு மறுபக்கத்தைக் காண்கிறோம். 1865 ஜூன் 9 அன்று இங்கிலாந்தில் கெண்ட் மாநிலத்து ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட் என்னுமிடத்தில், தண்டவாளம் பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருந்த பாலத்தில் அவர் சென்ற ரயில் தடம் புரண்டது. பத்துப் பேர் மாண்டனர். அவர் இருந்த பெட்டி பாலத்தின் விளிம்பில் சாய்ந்து தொங்கி நின்றது. அவர் இறங்கித் தம் தொப்பியில் நீர் மொண்டுவந்து காயமுற்றோர்க்குக் கொடுத்தார். அன்று கலங்காத அம்மனிதர், மூன்றாண்டுகள் சென்ற பின்னும், குதிரை வண்டியில் போகும்போதுகூடக் காரணமற்ற பேரச்சம் திடீரெனத் தம்மைப் பற்றிக்கொள்வதாக எழுதினார். ஆயினும் அவர் ரயிலை விட்டுவிடவில்லை. தம் நூல்களை மேடைகளில் வாசித்துக்காட்ட ஊர் ஊராகப் பயணம் செய்துகொண்டே இருந்தார். 1870 இல், அதே ஜூன் 9 ஆம் நாளில் இறந்தார். அச்சம் முற்றிலும் நீங்கிய பிறகுதான் பயணம் என்றிருந்தால் அவர் வீட்டை விட்டே வெளிவந்திருக்க இயலாது.

அச்சம் நீங்கட்டும், பிறகு ஓட்டலாம் என்று காத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இதுவே. அஞ்சும் பொருளை விட்டு விலகும் ஒவ்வொரு முறையும் மனம் ஓர் ஆறுதலை உணர்கிறது. அந்த ஆறுதலே விலகுவதுதான் சரி என்று மனத்திற்குக் கற்பித்துவிடுகிறது. இவ்வாறு நாள்தோறும் அச்சத்திற்கு உரம் இடப்படுகிறது. 1924 இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார், முயலைக் கண்டு அலறிய மூன்று வயதும் நிரம்பாத சிறுவன் ஒருவனை இதற்கு நேர்மாறான வழியில் குணப்படுத்தினார். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துவிட்டு, கூண்டிலுள்ள முயலைத் தொலைவிலிருந்து நாள்தோறும் சற்றுச் சற்றாக அருகே கொண்டுவரச் செய்தார். இறுதியில் சிறுவன் முயலைத் தடவிக் கொடுத்தான். 1958 இல் ஜோசப் வோல்பே என்னும் மருத்துவர் இம்முறையைப் பெரியவர்க்கும் ஏற்றவாறு வகுத்து நூலாக்கினார். அச்சங்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை படிகளாக எழுதி, கீழ்ப்படியிலிருந்து தொடங்கவேண்டும் என்பது அதன் சாரம்.

ஆனால் முயலுக்கும் காருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முயல் கடிக்காது; சரியாகப் பழுது பார்க்காத கார் உண்மையிலேயே ஆபத்தானது. ஆகவே மனத்திற்குத் தைரியம் சொல்லுமுன் வண்டியைச் சோதித்தல் வேண்டும். டிங்கரிங்கும் பெயிண்டும் முடிந்து வண்டி பளபளப்பதைக் கண்டு திருப்தியுறலாகாது. மோதலின்போது உடலைத் தாங்கி இழுபட்ட சீட் பெல்ட்டை மாற்றியாகவேண்டும். அது ஒருமுறை தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. வெடித்த ஏர்பேக்கும் அவ்வாறே. அதன் மூடியை மட்டும் ஒட்டிவிட்டு உள்ளே ஒன்றும் இல்லாமல் அனுப்பும் பட்டறைகளும் இருப்பதால், மாற்றிய உறுப்பின் ரசீதைக் கேட்டு வாங்குவது நல்லது. சாவியைத் திருப்பியதும் எரிந்து, சில நொடிகளில் அணையவேண்டிய ஏர்பேக் விளக்கு அவ்வாறே அணைகிறதா என்று பார்க்கவேண்டும். வீல் அலைன்மென்ட் சரிபார்த்த தாளைக் கேட்கவேண்டும். ஈரமான மண்தரையில் வண்டியை நேராக ஓட்டச் செய்து, முன்சக்கரத் தடமும் பின்சக்கரத் தடமும் இருபுறமும் ஒத்து அமைகின்றனவா என்று நோக்கினால், அடிச்சட்டம் கோணியிருப்பது பழைய மெக்கானிக்குகளின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வெற்றிடத்தில் மெதுவாகச் சென்று பிரேக்கை அழுத்தும்போது வண்டி ஒருபுறம் இழுத்தல் கூடாது.

நாம் சொன்ன நண்பர் இவற்றையெல்லாம் செய்தார். ஆயினும் டாஷ்போர்டின் கீழே ஒரு கடகட ஓசை அவரை வதைத்தது. பட்டறையினர் ஒன்றுமில்லை என்று இருமுறை திருப்பியனுப்பினர். மூன்றாம் முறை போனபோது சிரித்தனர். அவரோ அமர்ந்துகொண்டு எழ மறுத்துவிட்டார். பிரித்துப் பார்த்தபோது, ஒரு பிளாஸ்டிக் கிளிப்பை மாட்ட மறந்திருந்தனர். அதன் விலை சில ரூபாய்தான். ஆனால் அவ்வோசை நின்ற அன்றுதான் அவர் முதன்முதலாக, இனி இந்த வண்டியை நம்பலாம்போல் இருக்கிறது என்றார். விபத்துக்குள்ளானவரின் செவிக்கு ஒவ்வொரு சிற்றொலியும் மறுபடி நொறுங்கும் ஒலியே. அதனைக் கற்பனை என்று தள்ளாமல் தேடிப் பார்த்துக் கொடுப்பவனே நல்ல மெக்கானிக்.

பிறகு படிகள். முதல் வாரம் வீட்டு வாசலில், இஞ்சினை இயக்காமல், சாரதி இருக்கையில் நாள்தோறும் கால் மணி நேரம் அமர்ந்திருந்தார். அடுத்து இஞ்சினை இயக்கிவிட்டு அமர்ந்தார். மூன்றாவதாக, மாலை வேளையில் கோவில் வளாகத்தின் கதவைச் சாத்திவிட்டு, கெபியிலிருந்து கொடிமரம்வரை, கொடிமரத்திலிருந்து கெபிவரை சுற்றிவந்தார். கார் ஓட்டவே தெரியாத நம் உபதேசியார் பக்கத்தில் அமர்ந்துகொண்டார். ஓட்டத் தெரியாதவரை அமர்த்தியதற்குக் காரணம் உண்டு. ஓட்டத் தெரிந்தவர் வாய் சும்மா இராது. பிரேக், கியர் என்று ஏவிக்கொண்டே இருப்பார். உபதேசியாரோ தம் பேரன் பேத்திகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எட்டு நாள் சென்றதும் நண்பர், சலித்துப் போயிற்று சாமி என்றார். அந்தச் சலிப்புத்தான் நமக்கு வேண்டியிருந்தது. சலிக்கும்வரை ஒரு படியில் நின்றபின்னரே அடுத்த படி. அதிகாலையில் வெறிச்சோடிய கடைவீதி, பின்னர் பகலில் அதே வீதி, பின்னர் புறவழிச்சாலை என்று ஏறக்குறைய நான்கு மாதம் சென்றது. நடுவில் ஒருநாள் எதிரே வந்த லாரியின் ஒலிப்பானைக் கேட்டு நடுங்கி, ஓரமாக நிறுத்திவிட்டார். திரும்பி வந்துவிடாமல், நெஞ்சுப் படபடப்பு அடங்கும்வரை அங்கேயே இருந்து, பின்னர் சிறிது தூரமாவது முன்னே சென்றுவிட்டுத்தான் வீடு திரும்பினார். அந்தச் சிறிது தூரம் மிக முக்கியமானது.

தைரியத்திற்காக ஒரு மடக்கு குடித்துவிட்டு ஓட்டுவோரும், கலக்கம் தணிய மாத்திரை விழுங்கிவிட்டு ஓட்டுவோரும் உண்டு. அதற்கு அவர்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரின் அச்சம் பல வேளைகளில் ஓட்டுபவரின் அச்சத்தைவிடப் பெரிது. அவர் கையில் ஸ்டியரிங்கும் இல்லை, காலடியில் பிரேக்கும் இல்லை. நண்பருடைய மனைவி முதன்முறை ஏறியபோது, இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டே வந்தார். "என்னங்க, பாத்து" என்னும் சொல் மூச்சுக்கு ஒருமுறை வந்தது. பிறகு இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர்: அவருக்குத் தாங்க இயலாதபோது ஒருமுறை மட்டும் 'நிறுத்துங்க' என்பது, அப்படிச் சொன்னால் கேள்வி கேளாமல் இவர் ஓரமாக நிறுத்துவது. இந்த உரிமை கையில் இருப்பதாலேயே அதனைப் பயன்படுத்தும் தேவை குறைந்துவிட்டது. மகள் இன்னும் பின்னிருக்கையில் பேசாமலேதான் வருகிறாள். அவளை யாரும் வற்புறுத்துவதில்லை.

எல்லோர்க்கும் இப்படிப் படிப்படியாகத் தானே நீங்கிவிடும் என்று சொல்வதற்கில்லை. விபத்துக் கனவுகள், உறக்கமின்மை, சிறு ஓசைக்கும் துள்ளி எழுதல், உற்றாரிடமும் ஒட்டாமை ஆகியவை ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்தால், அதற்கென மருத்துவம் உண்டு. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் இந்நோயை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980 இல் தனியொரு நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். மனநல மருத்துவரிடம் செல்வதற்கு வெட்கப்படுவோர், எலும்பு முறிந்தபோது மருத்துவரிடம் செல்ல வெட்கப்பட்டார்களா?

அச்சத்தோடு கோபமும் ஒட்டிக்கொண்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். விளக்கின்றி லாரியை நிறுத்திச் சென்றவனை நண்பரால் நெடுநாள் மன்னிக்க இயலவில்லை. 2007 ஜூனில் வத்திக்கான் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி வழிகாட்டியில் ஓட்டுநர்களுக்கெனப் பத்துக் கட்டளைகள் தரப்பட்டுள்ளன. விபத்துக்குக் காரணமானவரும் பாதிக்கப்பட்டவரும் தக்க தருணத்தில் சந்திக்க வழிசெய்யவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தக்க தருணம் என்ற சொல்லை நாம் அடிக்கோடிட விரும்புகிறோம். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கையில், புண் ஆறுமுன், போய்க் கைகுலுக்கு என்று எவரையும் தள்ளலாகாது. நண்பர் இன்னும் அந்த ஓட்டுநரைச் சந்திக்கவில்லை. பெயரை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டு, செபமாலையின்போது சொல்லி வருகிறார்.

வண்டியை அவர் விற்கவில்லை. வாரத்தில் ஐந்து நாள் சரக்கேற்றிக்கொண்டு கடைகளுக்குப் போய்வருகிறார். இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுவதில்லை; அப்படி நேர்ந்தால் வண்டியை எங்காவது விட்டுவிட்டுப் பேருந்து ஏறிவிடுகிறார். அதனைக் கோழைத்தனம் என்று நாம் கருதவில்லை. கை எலும்பு கூடிய பின் அவர் மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருக்கிறார். சனிக்கிழமை மாலைகளில் கெபிக்கும் கொடிமரத்திற்கும் இடையே இப்போது சுற்றிவருபவர் அவரே. உபதேசியார்தான் பக்கத்தில் அமர்ந்து பேரன் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்.